ஆறு வாரக் கணக்கு

எங்கள் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பு இரண்டாவது மாடியில். மொத்தம் 44 படி. பத்தொன்பது வருடமாக ஏறி இறங்கியவன் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில்தான் எண்ணினேன். 22ஆவது படியில், முதல் மாடித் திருப்பத்தில், எதையோ மறந்துவிட்டு வந்தவனைப் போலச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றேன். மறக்கவெல்லாம் இல்லை. மூச்சும் வாங்கவில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். பின்னால் வந்த பையன்கள் "குட்மார்னிங் சார்" சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனார்கள்.

தமிழில் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? வேலை செய்து முடித்தால் வருவது களைப்பு. ஊருக்குப் போய்த் திரும்பினால் அலுப்பு. மனசு விட்டுப்போனால் சோர்வு. காய்ச்சல் விட்ட மறுநாள் இருப்பது அசதி. களைப்புக்கு ஒரு குளியல், அலுப்புக்கு ஒரு தூக்கம் போதும். எனக்கு இருந்தது இந்த நான்கிலும் சேராத ஒன்று. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து பாயில் உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வந்தவனைப் போல இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கெடக்குதாப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். ஈரச் சாக்கு.

சாக்குப்போக்கும் நிறைய இருந்தது. வயது 44. மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம், அதற்கப்புறம் திண்டுக்கல் வெயில். யாருக்குத்தான் அசராது? ஆனால் அந்த மே மாதத்தில் வீட்டில் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டிருக்க, நான் மட்டும் ஃபேனைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. சொந்தக்காரர்கள் "நல்லா பூரிச்சிட்டீங்க" என்றார்கள். கடைசி பெஞ்சு வரை போகிற என் குரல் கரகரத்துத் தேய்ந்துபோனது. பள்ளியிலிருந்து ஒருநாள் வேறு ஒரு ஆசிரியரின் போனில் வீட்டுக்குப் பேசியபோது, என் மனைவி "யாருங்க பேசுறது?" என்று கேட்டாள்.

ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு மருத்துவ முகாமில் ரத்தக் கொழுப்பு 268 என்று வந்தது. அங்கே இருந்த டாக்டர் என்னை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்ன சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் வெட்டென்று இழுத்தது. திரும்பி வரும்போதோ, யாரோ மெல்லக் கையில் பிடித்து இறக்கிவைப்பதுபோல நிதானமாக வந்தது. "கொழுப்பு மாத்திரை இப்ப வேண்டாம். முதல்ல தைராய்டு பாருங்க" என்றார். லேப்பில் டி.எஸ்.எச். 38 என்று வந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது.

நம் ஊரில் இதைச் சொல்கிற விதமே எனக்குச் சிரிப்பு. "அவருக்குத் தைராய்டு இருக்காம்." எல்லோருக்கும்தான் இருக்கிறது, கழுத்தில், பட்டாம்பூச்சி மாதிரி. எனக்கு அது வேலை செய்யவில்லை என்பதுதான் விஷயம். இன்னொன்று, ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் ஒருவர் "அது லேடீஸுக்கு வர்றதில்ல சார்?" என்றார். பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் இது அபூர்வமான நோயும் இல்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், பரிசோதித்த பெரியவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 11 பேருக்குச் சுரப்பு குறைவாக இருந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் 31 பேர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறந்தபிறகு இரண்டு டீச்சர்கள் தனியாக வந்து தாங்களும் மாத்திரை போடுவதாகச் சொன்னார்கள்.

எனக்கு வந்தது ஹாஷிமோட்டோ வகை. உடம்பின் காவல் படையே அந்தச் சுரப்பியை எதிரி என்று நினைத்து மெல்ல மெல்ல அரிப்பது. 1912இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயர்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் பொருள் இல்லை என்பதே எனக்கு அப்போது தெரியாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்து "வேலை செய்யடா" என்று போடும் சத்தம் அது. தெருவில் விளையாடுகிற பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிற அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் வரவில்லையென்றால் சத்தம் கூடும். 38 என்றால் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். பையன் கொஞ்சம் அசைந்தாலும் சத்தம் சட்டென்று இறங்கிவிடும். தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் (சுருக்கமாக டி4) உள்ளே இருக்கும் அளவு இரண்டு மடங்கு மாறினாலே இந்த எண் நூறு மடங்கு வரை மாறக்கூடியது. அதனால்தான் டாக்டர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அவர்கள் செய்வது சரிதான். ஆனால் சத்தம் நின்றதா என்று காட்டுகிற எண் அது. பையன் வயிறு நிறைந்ததா என்று காட்டாது.

தைராக்ஸின் மாத்திரையை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார் எங்கள் ஊர் டாக்டர். கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. மைக்ரோகிராம் என்றால் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு பெரிய உடம்பு படுத்துக்கொண்டது என்று மானக்கேடாக இருந்தது.

இந்த மாத்திரை வருவதற்கு முன்னால் இதே நிலையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். முகம் வீங்கி, பேச்சு குழறி, வருடக்கணக்கில் தேய்ந்து போனார்கள். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டை அரைத்து வடித்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் எழுந்து நடமாடினார். பிறகு வாய்வழியாகவே அந்தச் சாற்றைக் குடித்து இன்னும் 28 வருடம் வாழ்ந்து, 1919இல் தன் 74ஆவது வயதில் இறந்தார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானதாக மரே பின்னால் கணக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கும்போது இது நினைவுக்கு வந்துவிடும். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராய்டு சுரப்பியிலிருந்து தைராக்ஸினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1927இல் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியும் வந்துவிட்டது. என் பங்குக்கு ஒரு ஆடும் சாக வேண்டியதில்லை. நூறு மாத்திரை கொண்ட ஒரு பாட்டில் போதும்.

சரி, மாத்திரை போட்டாயிற்று. முதல் நாள் சாயங்காலமே உடம்பு லேசானதுபோல ஒரு நினைப்பு. மூன்றாம் நாள் அது போய்விட்டது. பத்தாம் நாள் டாக்டருக்குப் போன் போட்டு, "ஒண்ணும் தெரியலையே சார்" என்றேன். "ஆறு வாரம் பொறுங்க" என்றார். ஆறு வாரமா! தலைவலி மாத்திரை அரை மணி நேரத்தில் கேட்கிறது, ஆன்டிபயாடிக் மூன்று நாளில் கேட்கிறது. இது என்ன ஆறு வாரம்? அவர் காரணம் சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

காரணம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அதுதான் வெட்கம். பிளஸ் டூவுக்கு அணுக்கரு இயற்பியலில் அரை ஆயுட்காலம் நடத்துகிறவன் நான். கதிரியக்க அயோடின் 131, அரை ஆயுட்காலம் 8 நாள் என்று வருடா வருடம் பலகையில் எழுதுகிறேன். அதைத் தைராய்டு வைத்தியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். நான் விழுங்கும் தைராக்ஸினுக்கும் உடம்பில் கிட்டத்தட்ட 7 நாள் அரை ஆயுள். அதாவது இன்று போட்டதில் பாதி அடுத்த வாரமும் உள்ளே இருக்கும். அதன்மேல் தினமும் ஒன்று சேர்ந்துகொண்டே போகும். புது அளவு நிலைபெறுவதில் முதல் வாரம் பாதித் தூரம், இரண்டாம் வாரம் முக்கால், மூன்றாம் வாரம் 87, நாலாம் வாரம் 94, ஆறாம் வாரம்தான் 98 சதவீதம். அதற்கு முன்னால் ரத்தம் எடுத்தால் பாதி நிரம்பிய தொட்டியை அளந்த கதைதான். இந்தக் கணக்கை ஒரு நாள் விடைத்தாள் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபிறகுதான் எனக்குக் கோபம் அடங்கியது.

இதே கணக்கு இன்னொரு நிம்மதியும் தந்தது. ஒரு நாள் மாத்திரையை மறந்தால் குடிமுழுகிப் போகாது. அதேபோல ஒரு நாள் இரண்டாகப் போட்டால் தெம்பு பொங்கி வரவும் வராது. செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளர் வரும் நாளில் நான் அப்படிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, மனைவியிடம் திட்டு வாங்கியதைத் தவிர. யாரும் செய்யாதீர்கள்.

ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். 19. மாத்திரை 75 ஆனது. அடுத்த எட்டு வாரம், 14. மாத்திரை 100. பிறகு 11.8. மாத்திரை 125. டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஒழுங்கா போடுறீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பையன்களை "ஒழுங்கா படிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறேன், கேட்கப்படும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த ஏழெட்டு மாதமும் அறிவுரைக்குக் குறைவில்லை. தனியாவை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் காலையில் குடித்தால் தைராய்டு ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் நாலு பேர் அனுப்பினார்கள். மாத்திரையை விடாமல் அதையும் ஒரு மாதம் குடித்தேன். தனியா வாசனையோடு அசதி. முட்டைக்கோஸ் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா தடை போட்டாள். பச்சையாகக் கிலோ கணக்கில் தின்றால், அதுவும் அயோடின் பற்றாக்குறை உள்ளவர்களுக்குத்தான் அது பிரச்சினை. வேகவைத்த பொரியலால் ஒன்றும் இல்லை. அயோடினைக் கூடுதலாகச் சாப்பிடச் சொன்னவர்களும் உண்டு. என் வகைக்கு அது நல்லதைவிடக் கெடுதல்தான் செய்யும். முடி கொட்டுகிறதே என்று நானாகப் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போட்டேன். அது பரிசோதனையின் எண்ணையே பொய்யாக்கிக் காட்டும் என்று பிற்பாடு தெரிந்தது.

இதற்கு நடுவே நாளை ஓட்ட வேண்டுமே. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். தேதி, எத்தனையாவது படியில் நின்றேன், மத்தியானம் தூங்கினேனா, இந்த மூன்றுதான். வேறு எதுவும் எழுதவில்லை. மனநிலையெல்லாம் எழுத ஆரம்பித்தால் நான் புலம்ப ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். இரண்டு மாதத்து ஏட்டைப் புரட்டியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 30ஆவது படி, 36ஆவது படி என்று நன்றாக ஏறிய நாளுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் 15, 18 என்று விழுந்திருந்தது. யோசித்தால் காரணம் புரிந்தது. உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று தெரிந்ததும் பாக்கி வைத்த வேலையையெல்லாம் அன்றைக்கே இழுத்துப் போட்டுக்கொள்வேன். பரணைச் சுத்தம் செய்வது, வண்டியைக் கழுவுவது, சந்தைக்குப் போவது. சம்பளம் வந்த அன்றே முழுதும் செலவழித்துவிட்டு மாசம் பூராவும் கடன் வாங்குகிறவன் கதைதான்.

அதிலிருந்து நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்திக்கொண்டேன். இது சொல்வதற்குச் சுலபம். பரண் பாதி சுத்தமாகவும் பாதி குப்பையாகவும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்னைப் போன்ற ஆளுக்குத் தனித் தண்டனை. மத்தியானத் தூக்கத்தை 20 நிமிடத்தில் அலாரம் வைத்து வெட்டினேன். பள்ளி விட்டு வந்து நாலரைக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்த நாட்களில் ராத்திரித் தூக்கமும் கெட்டு, மறுநாளும் போனது. தமிழாசிரியரிடம் பேசி என் பாடவேளையை மாற்றிக்கொண்டேன். கஷ்டமான பாடம் காலை இரண்டு பீரியடுக்குள், மத்தியானம் பையன்கள் கணக்குப் போட நான் பெஞ்சுக்கு நடுவில் நடப்பது. மாத்திரை 125க்கு ஏறிய நாட்களில் சாயங்காலம் பத்து நிமிடம் நடந்தேன், பத்தே நிமிடம். வாக்கிங் போகிறவர்கள் என்னை முந்திப் போவார்கள், போகட்டும். தலைமையாசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். மற்றவர்களிடம் விளக்கிக்கொண்டிருப்பதற்கே தனியாகத் தெம்பு வேண்டும்.

மதுரையில் ஹார்மோன் டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனது அந்த பிப்ரவரியில். நான் ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கி நீட்டினேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "விடிஞ்சதுலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போகுது? வரிசையாச் சொல்லுங்க சார்" என்றார்.

சொன்னேன். அஞ்சரைக்கு எழுந்து பல் விளக்குவேன். கேஸ் மாத்திரை போடுவேன். தைராய்டு மாத்திரை போடுவேன். காபி குடிப்பேன். அவர் குறுக்கிட்டு, "மாத்திரைக்கும் காபிக்கும் எவ்வளவு நேரம்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: "காபியிலதான் டாக்டர் முழுங்குறாரு."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் பத்து நிமிடம் பேசினார். இந்த மாத்திரை குடலில் ஏறுவதில் மகா கூச்சக்காரன். காபி பக்கத்தில் இருந்தால் சரியாக ஏறாது. சோயா, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எதுவும் ஆகாது. பின்னிரண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது போட்டாலும் நன்றாகவே வேலை செய்வதாக நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்து 2010இல் சொல்லியிருக்கிறார்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் அதுவும் சரி என்றார். எங்கள் வீட்டில் ராத்திரி இட்லி ஒன்பதரைக்கு. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

கேஸ் மாத்திரைதான் பெரிய திருடன். இந்த மாத்திரை கரைந்து ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தைத்தான் அடைக்கிறது. நேரம் மாற்றிப் போட்டாலும் பலனில்லை, நாள் முழுக்க அடைத்து வைத்திருக்கும். "இதை யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். இரண்டரை வருடத்துக்கு முன்னால் நெஞ்செரிச்சலுக்காக ஒருவர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கி, பத்து நாள் இரண்டரை வருடம் ஆகிவிட்டது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? நான்தான் எந்த டாக்டரிடமும் அதை ஒரு மருந்தாகவே சொன்னதில்லை. நம் ஊரில் கேஸ் மாத்திரையை யார் மருந்து என்று நினைக்கிறார்கள்?

125ஐ அப்படியே வைத்து, கேஸ் மாத்திரையைச் சில வாரங்களில் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தும்போது நெஞ்செரிச்சல் முன்னைவிடக் கூடுதலாக வரும், அது அடைத்து வைத்த அமிலம் துள்ளுவது, அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். சொன்னபடியே வந்தது. இரண்டு வாரம் ராத்திரியில் மூன்று தலையணை. மாத்திரை பாட்டிலை ஃப்ரிட்ஜ் தலையில் வைத்திருந்தேன். சூடும் ஈரமும் ஆகாது என்று அதுவும் பீரோவுக்குள் போனது. கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம் இருக்கலாம், மாறினால் மறுபடியும் ஆறு வாரக் கணக்குத்தான்.

அஞ்சாம் வாரம் 44 படியையும் நிற்காமல் ஏறினேன். நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். அதே வாரம் பலகையில் மின்சுற்றுப் படம் வரைந்தபோது கோடு நெளிந்தது. கை நடுங்கியிருக்கிறது. ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் தலையணையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று மணிக்கு முழிப்பு. மறுபடியும் அசதி வந்தது, ஆனால் இது வேறு அசதி. முன்பு ஈரச் சாக்கு. இது மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டதுபோல. ஆறு வாரத்து ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.08. ஏறாமல் போன மாத்திரைக்கெல்லாம் சேர்த்து ஏற்றி வைத்த அளவு அது. இப்போது முழுதும் ஏறுகிறது, மிஞ்சிவிட்டது. அந்த நிலையிலேயே நீடித்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும் என்றார் டாக்டர். குறைந்தாலும் அசதி, கூடினாலும் அசதி என்பது யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். அசதியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்டால் எவ்வளவு பெரிய வம்பு என்று அன்றைக்கு விளங்கியது.

100க்கு இறங்கினோம். எடைக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. நான் அப்போது 64 கிலோ. அடுத்த பரிசோதனையில் 2.4. அன்றைக்குக் கோயிலுக்குப் போனோம்.

ஆனாலும் அசதி போகவில்லை. பாதி போயிருந்தது, மீதிப் பாதி பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. எண் சரியாகிவிட்டதென்றால் இனி என்ன சொல்லிப் படுப்பது? முன்பாவது காட்ட ஒரு ரிப்போர்ட் இருந்தது. சரியான ரிப்போர்ட்டோடு அசதியாக இருப்பவனை உலகம் சோம்பேறி என்றுதான் சொல்லும். நானே என்னைச் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் சொல்லவில்லை. எண் சரியான பிறகும் தசைக்கும் தலைக்கும் சில மாதம் பிடிக்கும் என்றார். எண் சரியாக இருந்தும் முழுத் தெம்பு வராதவர்கள் ஒரு சிறு பங்கு பேர் உண்டு, டி4ஓடு டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் ஒருமித்த முடிவு வரவில்லை, அதற்கு இப்போதைக்குப் போக வேண்டாம் என்றார். அதற்கு முன்னால் தைராய்டு கணக்கில் எழுதாத அசதி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். குறட்டை விடுவாரா என்று மனைவியிடம் கேட்டார். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று கேட்டார். ரத்தச் சோகை, சர்க்கரை, வைட்டமின் டி, பி12 எல்லாம் எழுதினார்.

பி12, 148 என்று வந்தது. அந்த லேப்பில் 200க்குக் கீழே குறைவு. ஞாயிறு தவறாமல் கறி சாப்பிடுகிற எனக்கா என்று கேட்டேன். கறியிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்கவும் வயிற்று அமிலம் வேண்டுமாம். வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு அது குறையும். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு வயிற்றிலும் அதே மாதிரி உள்சண்டை வந்து பி12 ஏறாமல் போவதும் உண்டு. அதையும் பார்த்தார், எனக்கு இல்லை. ஆக, அதே திருடன் இரண்டு வீட்டில் கை வைத்திருக்கிறான். ஊசி போட்டார்கள், முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று. மூன்றாம் மாதம் நோட்டு எழுதுவதை மறந்துபோயிருந்தேன். மறந்ததே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறேன். அதே லேப், அதே காலை நேரம், கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை. நடுவில் ஒரு தடவை 5.1 வந்தது, தொட வேண்டாம், எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார் டாக்டர். 3.3 ஆக இறங்கியிருந்தது. முன்பென்றால் அந்த எட்டு வாரமும் என் கால் கனத்திருக்கும்.

போன மாதம் என் மனைவி சமையல்கட்டுத் திண்ணையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், நான் படியில் நின்றதுபோலவே. கையில் கரண்டி இருந்தது, அடுப்பு எரியவில்லை. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். "எப்பவுமே இப்படித்தாங்க" என்றாள். மூன்று வருடமாக என் படியை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். லேப்புக்கு அழைத்துப் போனேன். டி.எஸ்.எச். 2.9, குறையில்லை. ஹீமோகுளோபின் 9.4. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச் சோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதை முகாமில் ஒட்டியிருந்த தாளில் படித்தவன்தான் நானும். அது யாரோ பெண்களைப் பற்றியது என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதையும் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காபி, டீ எதுவும் கூடாது. என் மாத்திரையும் அவள் மாத்திரையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதால் பீரோவில் தனித்தனித் தட்டு. காலை அஞ்சரைக்குப் போட்டுவிட்டு இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறோம். டிகாக்ஷன் இறங்குகிற வாசனை வருகிறது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.